வன்னியின் கட்டடத் தொழிலாளரும் தற்கொலைத் தடுப்பும்: ஒரு சமூகவியல் நோக்கு

கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களிலும் வவுனியாவின் வடபகுதியிலும் 2009ஆம் ஆண்டு மே மாதம் போர் முடிவுற்றபோது கூரையோடு நின்ற வீடுகள் மிகச் சிலவே. மெனிக் பாம் முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்படும்வரை மக்கள் கட்டங்கட்டமாகத் தத்தம் காணிகளுக்கு மீண்டனர். இந்திய அரசு 2010இல் அறிவித்த 50,000 வீடுகளுள் பெரும்பாலானவை வடக்கு, கிழக்கு மாகாணங்களுக்கு உரியனவாயின. 2012 ஒக்ரோபர் 2ஆம் நாள் தொடங்கிய அதன் பிரதான கட்டத்தில், வீட்டுக்கு உரியவரே முன்னின்று கட்டும் முறை கைக்கொள்ளப்பட்டது. வீடொன்றுக்கு 550,000 ரூபாய், வேலையின் படிநிலைக்கேற்பத் தவணைகளாக வழங்கப்பட்டது. அதே காலத்தில் ஏ-9 வீதி புனரமைக்கப்பட்டது. ஓமந்தையிலிருந்து கிளிநொச்சிவரை 2013 செப்ரெம்பரிலும், யாழ்ப்பாணம்வரை 2014 ஒக்ரோபரிலும் புகையிரதம் மீண்டும் ஓடிற்று. பாடசாலைகள், வைத்தியசாலைகள், பிரதேச செயலகங்கள், வங்கிக் கிளைகள் யாவும் புதிதாய் எழுந்தன. சுருங்கக் கூறின், ஒரு பிரதேசம் முழுவதும் சில ஆண்டுகளுக்குக் கட்டடத்தளமாக இருந்தது.

இவ்வேலையைச் செய்தோர் யாவர்? பெருந்திட்டங்களுக்குத் தென்பகுதியிலிருந்தும் தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர் என்பது உண்மை. ஆனால் வீடுகளையும் மதில்களையும் கிணறுகளையும் கட்டியவர்கள் பெரும்பாலும் வன்னி மக்களே. காலபோக நெற்செய்கை முடிந்து அடுத்த விதைப்புவரை கையில் வேலையற்ற விவசாயி, வள்ளத்தையும் வலையையும் இழந்த கடற்றொழிலாளி, புனர்வாழ்வு பெற்று விடுவிக்கப்பட்ட ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகளுள் மேசன் வேலையும் தச்சு வேலையும் பயிற்றப்பட்டோர், பாடசாலைக் கல்வியை இடம்பெயர்விலே தொலைத்த இளைஞர் ஆகியோர் சாந்துச் சட்டியையும் மட்டக்கோலையும் ஏந்தினர். உடலில் எறிகணைச் சிதறல்களுடன் சீமெந்துப் பொதி சுமப்போரும் இவர்களுள் உளர். குடும்பத்தைத் தனித்துத் தாங்கும் பெண்கள் கல்லரியும் இடங்களிலே கூலிக்கு நின்றனர்.

இத்தொழிலாளரின் உளநலத்தையும், அவர்களிடையே தற்கொலையைத் தடுக்கும் வழிகளையும் இக்கட்டுரையில் நோக்க முற்படுகின்றோம். தற்கொலையைத் தனிமனிதனின் மனத் திடமின்மையாகக் காண்பது நமது சமுதாயத்தில் ஆழ வேரூன்றிய வழக்கம். திடீர் மரண விசாரணையில் 'குடும்பத் தகராறு', 'கடன் தொல்லை', 'மதுபோதை' என ஒரு சொல்லில் காரணம் எழுதப்பட்டதும் விடயம் முடிந்துவிடுகிறது. தற்கொலையின் அளவைக் கூட்டுவனவும் குறைப்பனவும் பெரிதும் மனிதர் வாழும், தொழில் செய்யும் நிலைமைகளே என்பதும், அந்நிலைமைகள் மாற்றக்கூடியவை என்பதும் நமது நிலைப்பாடு. இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. இலங்கையின் வரலாறே போதுமானது.

1950இல் இலங்கையில் ஓர் இலட்சம் மக்களுக்கு ஆறு அல்லது ஏழு பேர் என்ற அளவிலேயே தற்கொலை நிகழ்ந்தது. 1995இல் அது 47ஆக உயர்ந்து, உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களுள் ஒன்றாயிற்று. அடுத்த இருபது ஆண்டுகளில் அவ்வீதம் ஏறத்தாழ எழுபது விழுக்காடு வீழ்ந்தது. இடைப்பட்ட காலத்தில் இலங்கையர் இன்பமாக வாழத் தொடங்கிவிடவில்லை. போர் தொடர்ந்தது, வேலையின்மை நீடித்தது, குடிப்பழக்கம் ஒழியவில்லை. மாறியது ஒன்றே. 1980ஆம் ஆண்டின் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் 1984 தொடக்கம் மிகுநச்சுப் பீடைகொல்லிகள் ஒவ்வொன்றாகத் தடைசெய்யப்பட்டன. 1995இலும் 1998இலும், பின்னர் 2008 முதல் 2011 வரையிலும் விதிக்கப்பட்ட தடைகள் இவற்றுள் முக்கியமானவை. துயரத்தின் உச்சத்தில் தூண்டப்படும் எண்ணம் பெரும்பாலும் நெடுநாள் திட்டமன்று. அந்தச் சிறுபொழுதைத் தாண்டி உயிர் பிழைப்போரில் மிகப் பெரும்பாலானோர் பின்னர் தற்கொலையால் இறப்பதில்லை. நஞ்சின் கொடுமை குறைந்தபோது பல்லாயிரவர் பிழைத்தனர்.

இதனோடு சேர்த்து நோக்கவேண்டிய மற்றொரு முயற்சியும் உண்டு. வவுனியாவை அடுத்துள்ள அநுராதபுர மாவட்டத்தின் 180 கிராமங்களில், பீடைகொல்லிகளைப் பூட்டி வைப்பதற்கான பெட்டிகளை வீடுதோறும் வழங்கிப் பயனுண்டா என ஆராயப்பட்டது. 2017இல் வெளியான முடிவு, பெட்டிகளால் குறிப்பிடத்தக்க பயன் விளையவில்லை என்பதாகும். பொறுப்பைக் குடும்பத்தின் தலையில் ஏற்றிய முறை தோற்றது. சந்தையையே கட்டுப்படுத்திய சட்டம் வென்றது. கட்டடத் தொழிலாளரைப் பற்றிய கட்டுரையில் பீடைகொல்லிக்கு என்ன வேலை என வாசகர் வினவலாம். வன்னியில் மேசனும் அவனது கையாளும் ஆண்டின் ஒரு பகுதியில் விவசாயிகளாயிருப்பவர்கள். காணியற்றவனும் பிறர் வயலில் மருந்தடிக்கப் போகிறவன். எனவே நாட்டின் பீடைகொல்லிக் கொள்கையிலே ஏற்படும் தளர்வு கட்டடத்தளத்தின் மனிதனையும் தாக்கும். ஆண்டுதோறும் இன்னும் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் இந்நாட்டில் தற்கொலையால் இறக்கின்றனர் என்பதையும், அவர்களுள் ஐவரில் ஏறத்தாழ நால்வர் ஆண்கள் என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

தற்கொலையைச் சமூகத்தின் விளைவாகக் காணும் மரபு பழையது. இளம் மார்க்ஸ் 1846இல், பாரிஸ் காவற்றுறையின் ஆவணக் காப்பாளராயிருந்த பூஷேயின் நினைவுக்குறிப்புகளை மொழிபெயர்த்துத் தம் கருத்துகளுடன் வெளியிட்டார். அவர் பொருளியல் எழுத்துகளை ஊன்றிப் படித்த நம்மவர் பலர் அச்சிறு நூலைக் கண்டுகொள்ளவில்லை. எமில் டேர்க்கைம் 1897இல் எழுதிய 'தற்கொலை' என்ற நூல் அத்துறையின் அடிப்படை நூலாக விளங்குகிறது. மனிதரைப் பிணைக்கும் சமூக உறவு தளரும்போதும், வாழ்வின் ஒழுங்கு திடீரெனக் குலையும்போதும் தற்கொலை பெருகும் என்றும், போர்க்காலத்தில் அது குறைவதுண்டு என்றும் அவர் காட்டினார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1995இல் சக ஆய்வாளருடன் வெளியிட்ட ஆய்வு, வட இலங்கையிலும் போர் உக்கிரமடைந்த காலத்தில் தற்கொலை வீதம் குறைந்தமையை எடுத்துக்காட்டிற்று. இதனைக் கொண்டு போரைப் போற்றுவோர் இரார். அச்சத்தின் கீழ் ஒன்றுபட்டு நிற்கும் சமூகம், அச்சம் நீங்கியதும் தன் இழப்புகளைத் தனித்தனியே எண்ணத் தொடங்குகிறது என்பதே இதிலிருந்து நாம் பெறும் எச்சரிக்கை.

அந்த எண்ணிக்கையின் கனத்தை ஓரளவுக்கு அறிய 2009இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வொன்று உதவுகின்றது. அதில் நூற்றுக்கு 22 பேரிடம் மனச்சோர்வின் குறிகளும், ஏறத்தாழ 33 பேரிடம் பதகளிப்பின் குறிகளும், 7 பேரிடம் மனவடுவின் பின்னான நெருக்கீட்டு நோயும் காணப்பட்டன. இறுதிப் போரை நேரே கடந்த வன்னி மக்களின் நிலை இதனிலும் இலகுவாயிருந்திருக்க முடியாது. எனினும் வன்னியின் ஒவ்வொரு துயரத்துக்கும் 2009ஐயே காரணங்காட்டி அமைவதும் தவறு. அவ்வாறு கூறுவது, அதன்பின் நிகழ்ந்தவற்றுக்குப் பொறுப்பாளர் எவருமில்லை என்று கூறுவதற்கு ஒப்பாகும். போருக்குப் பின்னர் தொழில் எவ்வாறு ஒழுங்குபடுத்தப்பட்டது என்பதையும் நாம் பார்த்தாகவேண்டும்.

கட்டடத் தொழிலுக்கும் தற்கொலைக்கும் இடையிலான தொடர்பு வன்னிக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தின் தேசிய புள்ளிவிபரப் பணியகம் 2011 முதல் 2015 வரையான மரணங்களைத் தொழில்வாரியாகப் பகுத்து 2017இல் வெளியிட்ட அறிக்கையின்படி, கட்டட வேலையிலுள்ள தேர்ச்சி குறைந்த ஆண் தொழிலாளரின் தற்கொலை ஆபத்து, ஆண்களின் பொதுச் சராசரியைப்போல் 3.7 மடங்காயிருந்தது. கவனிக்கவேண்டியது, தொழிற்றேர்ச்சி உடையோரிடத்து அது குறைவாயிருந்தமை. மேசனுக்கும் கையாளுக்கும் இடையே கூலியில் மட்டுமன்றி உயிராபத்திலும் வேறுபாடு உண்டு போலும். இந்தியாவின் தேசிய குற்றப்பதிவுப் பணியகத்தின் 2021ஆம் ஆண்டுக் கணக்கில், தற்கொலை செய்துகொண்ட 164,033 பேருள் நாட்கூலிகள் நூற்றுக்கு 25.6 ஆவர். நாட்கூலி என்ற அந்த ஒற்றைத் தலைப்பினுள்ளே மண் சுமப்பவரும் கம்பி கட்டுபவரும் சாரத்தில் நின்று பூச்சு வேலை செய்பவரும் வேறுபாடின்றி அடங்கிவிடுகின்றனர். தலைப்பு ஒன்றாகும்போது தொழிலின் தனித்த ஆபத்துகள் கண்ணுக்குப் புலப்படாமற் போகின்றன.

அவ்வாபத்துகள் வன்னியில் எவ்வடிவம் கொண்டன? முதலாவதாகக் குறிப்பிடவேண்டியது வேலையின் ஏற்ற இறக்கம். வீட்டுத்திட்டங்கள் ஒருங்கே நடந்த ஆண்டுகளில் மேசன்மாருக்குத் தட்டுப்பாடு நிலவிற்று. சம்பளம் உயர்ந்தது. மோட்டார்சைக்கிள் தவணைக்கு எடுக்கப்பட்டது, தங்கைக்குச் சீதனம் பேசப்பட்டது, தன் வீட்டுக்கும் அத்திவாரம் வெட்டப்பட்டது. திட்டங்கள் முடிந்தபோது வேலையும் முடிந்தது. தவணைகள் முடியவில்லை. பின்னர் கொவிட் முடக்கம் வந்தது. அதன்மேல் 2022இன் பொருளாதார வீழ்ச்சியும் வந்தது. அதற்கு முந்திய ஆண்டில் ஏறத்தாழ ஆயிரம் ரூபாய்க்கு விற்ற சீமெந்துப் பொதி மூவாயிரத்தைத் தாண்டிற்று. அரைகுறையாய் நின்ற சுவர்கள் அப்படியே நின்றன. நாட்சம்பளத்தில் வாழ்பவனுக்குச் சேமலாப நிதியும் இல்லை, வேலை இழப்புக் கொடுப்பனவும் இல்லை. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் இருக்கவே இருக்கிறது. ஆனால் இன்று ஒரு வீட்டிலும் நாளை மறு வீட்டிலும் வேலை செய்பவனுக்குச் சட்டம் அறியக்கூடிய தொழில்தருநர் யார்?

அடுத்தது கடன். தவணைமுறை வீட்டுத்திட்டத்தில் ஒரு படியை முடித்தாலன்றி அடுத்த தவணை கிட்டாது. அந்த இடைவெளியை நிரப்ப நகை அடகுக்குச் சென்றது, பின்னர் வட்டிக்குப் பணம் வந்தது, அதன்பின் நுண்கடன் நிறுவனங்களின் முகவர்கள் வாசலுக்கு வந்தனர். வீட்டுத்திட்டப் பயனாளிகளின் கடன்சுமை 2013 முதற்கொண்டே ஆய்வாளரின் கவனத்துக்கு வந்திருந்தது. வாரந்தோறும் தவணை கட்டும் நுண்கடன் பெரும்பாலும் மனைவியின் பெயரில் இருக்கும். அதைக் கட்டுவதற்குரிய கூலி கணவனுடையது. வேலையில்லாத வாரத்தில் முகவரின் ஏச்சு அவளுக்கும், அதன் எதிரொலி அவனுக்கும் கிடைக்கும். 'குடும்பத் தகராறு' என்று பதிவேட்டில் எழுதப்படுவதன் உட்பொருள் பலவேளைகளில் இதுவாகும். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்கள் பெற்றிருந்த, ஓர் இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசு முன்வந்தது. அதனைத் தற்கொலைத் தடுப்பு நடவடிக்கை என எவரும் அழைக்கவில்லை. நாம் அவ்வாறே அழைப்போம்.

பிறர் வீட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டு மாலையில் தகரக் கொட்டிலுக்குத் திரும்புவதன் தாக்கத்தைப் புள்ளிவிபரம் கூறாது. சனிக்கிழமை மாலை சம்பளம் கைக்கு வருவதும், அன்றிரவே கசிப்போ சாராயமோ வாங்கப்படுவதும் தற்செயல் அல்ல. உடல் உளைவுக்கும் உறக்கமின்மைக்கும் அவனுக்கு எட்டக்கூடிய மருந்து அதுவே. அம்மருந்து மனச்சோர்வை ஆழமாக்குவதோடு, தன்னைத் தடுக்கும் அறிவையும் மங்கச் செய்கின்றது. குடியைக் கண்டித்து எழுதுவோர் குடிப்பவனின் முதுகு நோவைப் பற்றியும் ஒரு வரி எழுதினால் நன்று.

இந்நிலையிலுள்ள ஒருவன் தன் துயரை எம்மொழியில் வெளியிடுகிறான் என்பது, தடுப்பில் ஈடுபடுவோர் அனைவரும் அறியவேண்டிய விடயம். 'மனச்சோர்வு', 'பதகளிப்பு' என்பன நமது கலைச்சொற்கள். கட்டடத்தளத்தில் பகற்சாப்பாட்டு வேளையில் உட்கார்ந்து கேட்பவருக்கு அச்சொற்கள் காதில் விழா. 'ஒரே யோசனையாக் கிடக்கு' என்பார்கள். வட இலங்கைத் தமிழில் யோசனை என்ற சொல் சிந்தனையை மட்டும் குறிப்பதன்று. மீளமுடியாமற் சுழலும் கவலைக்கும் அதுவே பெயர். 'தலை விறைக்குது', 'நெஞ்சு அடைக்குது', 'கைகால் சோருது' என உடலின் வாயிலாகவும் மனம் பேசும். இவற்றை மெய்ப்பாட்டு முறைப்பாடுகள் என்று உளமருத்துவர் கூறுவர். வெளிநோயாளர் பிரிவில் நோவுக் குளிசையோடு திருப்பி அனுப்பப்படுவோருள் இத்தகையோர் எத்துணை பேரோ. 'சீவியம் வெறுத்துப்போச்சு' என்பது நம்மிடையே மிகச் சாதாரணமாகப் புழங்கும் தொடர். சாதாரணமாகப் புழங்குவதாலேயே அதனை நாம் செவிமடுப்பதில்லை. அதனைச் சொன்னவன் தன் ஆயுதங்களை, அதாவது கரண்டியையும் மட்டத்தையும் தூக்கையும், இன்னொருவனுக்குக் கொடுத்துவிட்டான் என்றாலோ, கடன்களை ஒழுங்கு செய்யத் தலைப்பட்டான் என்றாலோ, காரணமின்றி வேலைக்கு வருவதை நிறுத்தினான் என்றாலோ உடன் வேலை செய்பவன் அன்றே அவனைத் தேடிப் போகவேண்டும்.

தேடிப்போய்ச் செய்யவேண்டியது என்ன? தற்கொலை எண்ணம் உண்டா என வெளிப்படையாகக் கேட்பது அவ்வெண்ணத்தை விதைத்துவிடும் என்ற அச்சம் பரவலாக உள்ளது. அது தவறென ஆய்வுகள் காட்டியுள்ளன. நேராகக் கேட்பது பெரும்பாலும் அம்மனிதனின் பாரத்தை இறக்கும். கேட்டபின் புத்திமதி கூறாமற் செவிகொடுத்தல், தனியே விடாதிருத்தல், நஞ்சும் குடியும் எட்டாதவாறு பார்த்துக்கொள்ளல், வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு உடன்செல்லல் என்பன எவரும் செய்யக்கூடியவை. தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் எந்நேரமும் அழைக்கக்கூடியது. 1974இல் தொடங்கப்பட்ட சுமித்ரயோ நிறுவனமும் மனம்விட்டுப் பேசுவோருக்குச் செவிகொடுத்து வருகிறது. தற்கொலை முயற்சி 1998 முதல் இலங்கையில் குற்றமன்று. ஆயினும் பொலிஸ் வழக்கு வருமென அஞ்சி, முயன்றவரை வீட்டிலே மறைத்து வைத்திருக்கும் குடும்பங்கள் இன்றும் உள. அச்சட்ட மாற்றத்தைக் கிராமந்தோறும் அறிவிப்பதே ஒரு தடுப்பு வேலையாகும்.

அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், கட்டடத் தொழிலாளரிடையே தற்கொலை மிகுந்திருந்ததை ஆய்வு காட்டிய பின்னர், 2008இல் தொழிற்சங்கங்களும் தொழில்தருநரும் சேர்ந்து ஓர் இயக்கத்தைத் தொடங்கினர். கட்டடத்தளத்திலுள்ள அனைவருக்கும் சிறிதளவு விளக்கமும், விரும்பி முன்வரும் சிலருக்கு மேலதிகப் பயிற்சியும் அளித்து, துயருற்றவனை உதவியோடு இணைக்கும் பொறுப்பைச் சக தொழிலாளியிடமே ஒப்படைத்தனர். அதனை அவ்வாறே வன்னிக்குப் பெயர்த்தல் இயலாது. இங்கு பெருங் கம்பனிகளின் தளங்கள் சில, நாலைந்து பேர் சேர்ந்த குழுக்களே பல. தொழிற்சங்கமோ பெயரளவிலும் அரிது. ஆனால் அக்குழுக்களுக்குத் தலைமை மேசன் உண்டு. முற்பணம் கொடுப்பவர் அவர். திங்கட்கிழமை யார் வரவில்லை என்பதை முதலில் அறிபவரும் அவரே. பிரதேச செயலகம்தோறும் இத்தகைய தலைமை மேசன்மாரை அழைத்து ஒரு நாட் பயிற்சி அளிப்பதற்குப் பெருந்தொகை வேண்டியதில்லை. அன்றைய நாட்சம்பளத்தை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு அழைக்கவேண்டும் என்பதை மட்டும் வலியுறுத்துவோம்.

சம்பளத்தின் உறுதிப்பாடு பற்றிய கேள்வி இதனால் தீர்ந்துவிடாது. தமிழ்நாட்டில் 1982இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டமும், 1994இல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியமும் தோன்றின. இந்திய நடுவணரசின் 1996ஆம் ஆண்டுச் சட்டங்கள், கட்டடச் செலவில் ஒரு விழுக்காடு முதற்கொண்டு தீர்வை அறவிட்டு நல நிதிக்குச் சேர்க்க வழிவகுத்தன. பல இலட்சம் தொழிலாளர் பதிவு பெறாதிருத்தல், நிதி செலவிடப்படாது தேங்குதல் ஆகிய குறைகள் அங்கே உள. எனினும் தொழில்தருநர் மாறிக்கொண்டேயிருக்கும் ஒருவனை, கட்டடத்தின் செலவினூடாகப் பாதுகாப்பது எங்ஙனம் என்ற கேள்விக்கு அது ஒரு விடை. வடக்கில் எழும் ஒவ்வொரு அரச கட்டடத்தின் மதிப்பீட்டிலும் இத்தகைய பங்கொன்றைச் சேர்க்கும்படி நமது பொறியியலாளரும் சட்டத்துறையினரும் கோரலாம்.

முயற்சியிலிருந்து மீண்டு வீடு திரும்பியவரைப் பற்றி இறுதியாக ஒன்று கூறவேண்டும். முன்னைய முயற்சியே அடுத்த ஆபத்தின் மிகப் பெரிய அறிகுறி. வைத்தியசாலையை விட்டு வெளியேறிய பின்வரும் கிழமைகள் மிகவும் இக்கட்டானவை. கொழும்பும் சென்னையும் உட்பட ஐந்து இடங்களில் உலகச் சுகாதார நிறுவனம் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், புறப்படுமுன் ஒரு சிறு உரையாடலும், பின்னர் பதினெட்டு மாதங்களில் ஒன்பது தடவை தொலைபேசியிலோ நேரிலோ 'எப்படி இருக்கிறீர்கள்' என்ற விசாரிப்பும் பெற்றவர்களிடையே தற்கொலை மரணம் வெகுவாகக் குறைந்திருந்தது. இதற்கு நிபுணர் வேண்டியதில்லை. பயிற்றப்பட்ட சமூக உதவியாளரே போதும். ஆனால் அவர் பகல் பத்து மணிக்கு வீட்டுக்குச் சென்றால் கட்டடத் தொழிலாளியைக் காணமாட்டார். கிளினிக்கும் வாரநாள் ஒன்றிலேயே நடக்கிறது. அங்கு வரிசையில் நிற்பவன் அன்றைய சம்பளத்தை இழக்கிறான், இரண்டு முறை இழந்தபின் மூன்றாம் முறை வருவதில்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையேனும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் உளநலக் கிளினிக்கைத் திறந்துவைப்பதும், மற்றைய நாட்களில் மாலை ஆறு மணிக்குப் பின்னர் வீடு சென்று விசாரிப்பதும் சுகாதாரத் திணைக்களத்தின் கால அட்டவணையைத் திருத்துவதால் நடக்கக்கூடியவை.